நிறை காணாது

என் கணவர் என்னைப் பந்தயக் காரில் ஏற்றியது என் கெட்டித்தனத்தைப் பார்த்து அல்ல. என் நிறையைப் பார்த்துத்தான்.

வாழைச்சேனையில் பிரதான வீதியை ஒட்டி அவருக்கு ஒரு கராஜ் இருக்கிறது. அதன் பின்பக்கம் மாமரத்துக்குக் கீழே, என்னைக் கட்டுவதற்கு முன்பே வாங்கிப்போட்ட பழைய ஜப்பான் கார் ஒன்று நின்றது. இரண்டு காபரேட்டர் வைத்த எஞ்சின், இழுவை பின் சில்லுக்கு. உள்நாட்டுப் பக்கம் பாவனையில் இல்லாத ஒரு விமான ஓடுபாதையில் இடைக்கிடை டிராக் பந்தயம் நடக்கும். இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் விட்டால், கால் மைலை யார் முதலில் கடக்கிறாரோ அவர் வென்றார். அவ்வளவுதான் போட்டி. அந்தக் காரை அங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

போவது என்று முடிவானதும் அவர் காரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். பின் இருக்கை போனது. பக்கத்து இருக்கை போனது. தரை விரிப்பு, ரேடியோ, உதிரிச் சில்லு எல்லாம் போயின. கதவுக் கண்ணாடிகளையும் எடுத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெட்டிப் பொருத்தினார். "நிறை குறைஞ்சா கார் பறக்கும் புள்ள" என்பார். கழற்ற இனி ஒன்றுமில்லை என்றானபோது தன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அது கழற்றக்கூடியதல்ல. கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்ச புள்ள, நீ ஓடுறியா?"

அவர் என்ன பார்த்தார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் சுட்டது.

நான் சின்ன வயதிலிருந்தே மெலிவு. பள்ளிக்கூடத்தில் என்னை ஈர்க்கில் என்றுதான் கூப்பிட்டார்கள். காற்றடிக்கும் நாளில் என் கையைப் பிடித்துக்கொள்வதுபோல நடித்துப் பகிடி பண்ணுவார்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பிள்ளைக்கு நெஞ்சில் ஏதும் நோயா என்று அம்மாவிடம் குசுகுசுத்துக் கேட்டது அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் பார்க்க வந்தால் சேலைக்குள் இரண்டு பாவாடை கட்டினேன். இவர் வந்த அன்றும் அப்படித்தான். கட்டிய பிறகு இவர் ஒருநாளும் என் உடம்பைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அதற்காகவே எனக்கு இவர்மேல் தனி மரியாதை. அன்றுதான் முதன்முறை.

ஆனாலும் ஓம் என்றேன். கராஜுக்கு வரும் கார்களை வளவுக்குள் அங்கே இங்கே எடுத்து விடுவதற்காக அவர் எனக்கு ஓட்டப் பழக்கியிருந்தார். லைசன்ஸும் இருந்தது. எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நான் முன்பள்ளி ஆசிரியை. காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் கிரீஸ் படிந்த கையோடு நிற்கிறாள் என்று ஊர் கதைக்கும்.

இந்தக் கதையில் இன்னொருவன் இருக்கிறான். என் தம்பி. கட்டாரில் பந்தயக் கார்கள் திருத்தும் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு வந்து, கல்குடாவில் பெண் எடுத்து அங்கேயே இருந்துவிட்டான். அவனிடமும் அதே வகைக் கார். என் கணவர்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தார். ஆனால் தம்பி வாங்கிய கையோடு காபரேட்டர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, கணினி சொல்கிறபடி பெற்றோல் பீச்சும் ஈஎஃப்ஐ பூட்டிவிட்டான். ஒரே கார், ஒரே எஞ்சின், பெற்றோல் போகிற வழி மட்டும் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தால் இருவருக்கும் இதே வாக்குவாதம்தான்.

"அத்தான், உங்கட சாமானுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல" என்பான் தம்பி. "காத்து சூடா குளிரா எண்டு அதுக்குத் தெரியுமா? என்ட கார்ல சென்சர் எல்லாத்தையும் பாத்து கம்பியூட்டருக்குச் சொல்லும். எவ்வளவு பெற்றோல் விடுறதெண்டு அது முடிவெடுக்கும்."

"கண்ணும் காதும் எனக்கு இருக்கு மச்சான்."

"கார் ஓடக்குள்ள நீங்க எஞ்சினுக்குள்ள ஏறியா இருக்கப் போறீங்க?"

"உன்ட வயர் ஒண்டு கழண்டா நீ ரோட்டுக் கரையில நிப்பாய். எனக்கு ஸ்குரூ டிரைவர் ஒண்டு காணும்."

மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். காரை நான்தான் ஓடப் போகிறேன் என்று இவர் சொன்ன அன்று, தம்பி வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் என்னைப் பார்த்தான். "அக்காவா?" என்று சிரிக்கத் தொடங்கினான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

பழகுவதற்கு வீதியில் ஓட ஏலாது. நெல் ஆலை முதலாளி ஒருவரிடம் கேட்டு, நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தை, நெல் இல்லாத நாட்களில் எடுத்துக்கொண்டோம். முழு வேகம் பிடிக்க அங்கே இடமில்லை. புறப்படுவதைத்தான் பழகினேன். இந்தப் பந்தயத்தில் பாதி வெற்றி புறப்படுவதில்தான் இருக்கிறது.

இவர் எனக்கு முதலில் பழக்கியது ஓட்டுவதை அல்ல, கேட்பதை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு எஞ்சினை முறுக்குவார். "பெற்றோல் கூடினாக் குழறும். கேக்குதா? கள்ளுக் குடிச்சவன் கதைக்கிற மாதிரி. காணாட்டி இருமும். சரியா இருந்தா ஒரே குரல்ல ஏறும்." காபரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும், நடுவில் ஊசித் துளையோடு. அந்தத் துளை பெரிதென்றால் பெற்றோல் கூட, சிறிதென்றால் குறைவு. அவர் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடுவார். நான் மறுபடி கண்ணை மூடுவேன். கொஞ்சக் காலத்தில் எனக்கும் பிடிபட்டுவிட்டது. ஆக்சிலேட்டரைத் திடீரென்று அமத்தினால் எஞ்சின் ஒருகணம் விக்கிவிட்டுத்தான் எழும்பும் என்பதும் தெரிந்தது. தம்பியின் கார் விக்காது. அதையும் கேட்டு வைத்திருந்தேன், சொல்லவில்லை.

ஆலை மதிலுக்கு மேலால் ஊர் எட்டிப் பார்த்தது. என் முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் தாய் அடுத்த நாள் வாசலில் வைத்துக் கேட்டாள்: "மிஸ், நேத்து நீங்களா ஓடினீங்க? கார்க்குள்ள ஆளே தெரியல்ல, தானா ஓடுதெண்டு நினைச்சன்." அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் பிள்ளையின் செருப்பு வாரைப் பூட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

பந்தயத்தன்று வாடகை லொறி ஒன்றில் எங்கள் காரை ஏற்றிக்கொண்டு போனோம். தம்பியும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான், தன் காரை ஓட்டிக்கொண்டே வந்தான். மைதானத்தில் முதல் வேலை நிறுப்பது. நாலு சில்லுக்கும் கீழே நாலு தராசுத் தட்டு. ஓடுகிறவர் தலைக்கவசத்தோடு உள்ளே இருக்கவேண்டும். தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் இலக்கத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தட்டுகளைச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் முறையும் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: "பர மதி."

தம்பி இவரிடம் திரும்பினான். "நிறை காணாதாம் அத்தான். இந்த வகுப்புக்குக் குறைஞ்ச நிறை எண்டு ஒண்டு வச்சிருக்காங்க. ஆளோட சேத்து அவ்வளவு வரோணுமாம்."

எங்கள் முன்பள்ளியில் மாதம் ஒருக்கா மிட்வைஃப் மிஸ் வந்து பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். நிறை காணாது என்று அவர் சொன்னால் தாய்மாரின் முகம் எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது, காலை ஆட்டிக்கொண்டு தொங்கும். எனக்கு விளங்கியது. இவர் இத்தனை நாள் ஆணி ஆணியாகக் கழற்றியதும், என்னைப் பிடித்து உள்ளே இருத்தியதும் வேண்டாத வேலை. இவரே இருந்து ஓடியிருக்கலாம். தம்பியிடம் ஒரு வார்த்தை விதிமுறையைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தம்பியிடம் கேட்பதற்கு இவருக்கு மனமில்லை.

ஒலிபெருக்கிக்காரர் மைக்கோடு அந்தப் பக்கமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். அதிகாரியிடம் விசாரித்துவிட்டு என்னவோ சொன்னார். சனம் சிரித்தது. 'ஹால்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அரிசி. எனக்கு விளங்காமல் போய்விடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அதைத் தமிழிலும் சொன்னார்: "மிஸ்ஸுக்குப் பக்கத்தில அரிசி மூட்டை ஒண்டு வச்சி அனுப்புங்க! அண்ணே, வீட்டில சாப்பாடு குடுக்கிறல்லியா?"

கெட்ட சிரிப்பு அல்ல அது. எல்லோரும் நல்ல மனத்தோடுதான் சிரித்தார்கள். பக்கத்துக் காரில் சாய்ந்து நின்ற ஒரு பெண்கூடச் சிரித்துவிட்டு எனக்குக் கை காட்டினாள். பிளாஸ்டிக் கதவுக்குள், தலைக்கவசத்துக்குள், வேர்வை கண்ணில் இறங்க நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாவாடை கட்டிக்கொண்டு தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற நாள் நினைவுக்கு வந்தது.

இவர் கதவடிக்கு வந்தார். "இறங்கு புள்ள. நான் ஓடுறன். நான் இருந்தா நிறை சரியா வரும்." சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டு என் நாடிக்குக் கீழே தலைக்கவசத்தின் வாரைத் தேடினார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் ஓடுவன்."

"உனக்குக் கேட்டதா? நிறை காணாது. இறங்கு, எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்! விடுங்க!"

அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அவர் வாரை இழுத்தார், நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கப் புருசனும் பெண்சாதியும் ஒரு தலைக்கவசத்துக்குப் பிடித்து இழுத்தோம். அதிகாரி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பும் நின்றுவிட்டது. அதுதான் பெரிய வெட்கம். நாலு பேருக்கு முன்னால் நான் அவரை எதிர்த்துக் கதைத்ததில்லை. இறங்கினால் எல்லாம் முடிந்துவிடும், இறங்கவும் மனமில்லை. எனக்கு அந்த ஓட்டம் வேண்டும் போலிருந்தது. அவ்வளவு வேண்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தம்பிதான் வழி கண்டுபிடித்தான். லொறியின் உதிரிச் சில்லை உருட்டிக்கொண்டு வந்தான். "அத்தான், இத டிக்கிக்குள்ள வச்சிப் பூட்டுவம். பின்னுக்குப் பாரம் ஏறினா பின் சில்லு வழுக்காமப் பிடிக்கும். நல்லதுதான்." இவர் கையை எடுத்தார். போய் ஸ்பானர்களை எடுத்து வந்தார். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க அந்தச் சில்லைப் பூட்டினார்கள். நிறை சரியாக வந்தது.

முதல் ஓட்டம் காலையில். அங்கத்தைய காற்று எங்கள் கடற்கரைக் காற்றுப் போல் ஈரமில்லை, குளிர்ந்து காய்ந்திருந்தது. இவர் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பெரிய துளை ஜெட்டாக மாற்றினார். கழற்றிய ஜெட்டுகளை நான் கையில் பொத்திக்கொண்டு நின்றேன். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பச்சை விளக்கு விழுந்தது, விட்டேன், கார் ஒரே குரலில் ஏறியது, வென்றேன். எனக்குப் பக்கத்தில் ஓடியவர் யாரென்றுகூடத் தெரியாது. தம்பியும் தன் ஓட்டத்தில் வென்றான். அடுத்த சுற்றில் என்னையும் தம்பியையும் சோடி போட்டிருந்தார்கள்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. வரிசையில் கார்கள் நகராமல் நின்றன. சூட்டில் காபரேட்டர்க் கிண்ணத்துக்குள்ளேயே பெற்றோல் கொதிக்கத் தொடங்கும். இவர் பொனட்டைத் திறந்து, நனைத்த சாக்கை மேலே போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். தம்பியின் கார் பக்கத்தில் பூனை மாதிரி நின்றது. அவன் கைகட்டிக்கொண்டு இருந்தான். முன்னால் நகர்ந்தபோது ஒலிபெருக்கி சொன்னது: "அடுத்ததா வாறாங்க, அரிசி மூட்டை மிஸ்!" சனம் கைதட்டியது. தம்பி தலையைத் திருப்பி ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

பச்சை. அமத்தினேன். எஞ்சின் விக்கியது, பிறகுதான் எழும்பியது. அந்த விக்கலுக்குள் தம்பி பாதிக் கார் அளவு முன்னால் போய்விட்டான். இரண்டாம் கியர், அப்படியே. மூன்றாம் கியர். திடீரென்று அவன் கார் பின்னால் போனது. நான் கோட்டைக் கடந்தேன்.

சத்தமாகச் சிரித்தேன். தனிய இருந்து, தலைக்கவசத்துக்குள், பல் தெரியச் சிரித்தேன். திரும்பி வரும் பாதையில் மெதுவாக உருட்டிக்கொண்டு வரும்போதுதான் காதுக்குள் கேட்டது மறுபடி ஒலித்தது. கணினிக் காரில் ஏதும் பிழை வந்தால் வெட்டி வெட்டி இழுக்கும், தம்பியே சொல்லியிருக்கிறான். இது வெட்டவில்லை. ஒரே குரலில் ஏறிக்கொண்டிருந்தது, அப்படியே மெதுவாக இறங்கியது. யாரோ காலை மெல்ல எடுத்தால்தான் அப்படி இறங்கும்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் வரிசையடிக்கு வந்தபோது மறுபடி சிரித்துக்கொண்டுதான் இறங்கினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கும்போது வேறென்ன செய்வது? இவர் ஓடி வந்து பொனட்டில் ஓங்கித் தட்டினார். காலையில் நடந்ததெல்லாம் அவர் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. "காபரேட்டர்! பாத்தியா காபரேட்டர!" என்று தமிழிலும் சிங்களத்திலும் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார்.

தம்பி வந்தான். "சென்சர் ஒண்டு பிழைச்சிற்று அத்தான்" என்றான்.

"நான் சொன்னனான்தானே மச்சான், வயர் ஒண்டு காணும் எண்டு!"

தம்பி என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சுற்றில் வெயில் தலைக்கு நேரே நின்றது. விளக்கு விழுந்தது, அமத்தினேன், எஞ்சின் விக்கியது, அப்படியே செத்துப்போனது. எதிராளி போய்விட்டான். நான் சாவியைத் திருகத் திருக ஸ்டார்ட்டர் மட்டும் முனகியது. அவ்வளவு சனத்துக்கு நடுவில் அந்தச் சத்தம் மட்டும்தான். ஆட்கள் வந்து தள்ளிக்கொண்டு போனார்கள், அதில் தம்பியும் ஒருவன். எனக்கு அதில் பெரிதாக வெட்கம் வரவில்லை. எனக்கு வரவேண்டிய தோல்வி அது, வந்தது.

திரும்பும் வழியில் ரொட்டிக் கடை ஒன்றில் நிறுத்தினோம். இவர் உள்ளே கடைக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கை கழுவுமிடத்தில் நான் தம்பியைப் பிடித்தேன்.

"ஏன் கால எடுத்தாய்?"

"என்ன அக்கா?"

"மூணாம் கியர்ல. எனக்குக் கேட்டது."

அவன் கழுவிய கையையே மறுபடி கழுவினான். "அந்தாள் மைக்கில சொன்னது எனக்குப் பிடிக்கல்ல. அவன்ட வாய அடைக்கோணும் எண்டு இருந்திச்சு."

"அதுக்கு நான் வெல்லோணுமா?"

"ஓம்."

"நானா வெல்ல ஏலாதெண்டு நீயே முடிவெடுத்திற்றாய்."

"ஏலாதுதான் அக்கா" என்றான் மெதுவாக. "அந்தச் சூட்டுக்கு உங்கட காபரேட்டர் ஏலாது. அது உங்கட பிழை இல்ல."

அவன்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். அவன் ஏறிட்டுப் பார்க்காமல் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். சிரித்த அத்தனை பேரையும்விட இவன் செய்ததுதான் என்னைக் குறுக வைத்தது. நிறை காணாத பிள்ளைக்குச் சத்துமா பங்கிடுகிற மாதிரி அவன் எனக்கு ஒரு வெற்றியைப் பங்கிட்டுக் கொடுத்திருந்தான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் கொடுமை. கராஜுக்கு வந்த எல்லோருக்கும் இவர் அந்த ஓட்டத்தைச் சொன்னார். ஓட்டமாவடியில் உதிரிப்பாகம் விற்கிற முஸ்லிம் நானாவுக்குச் சொன்னார். பனிச்சங்கேணியிலிருந்து உழவு இயந்திரம் திருத்த வந்தவருக்குச் சொன்னார். "நம்பாட்டி இவவிட்டக் கேளுங்க!" என்று என்னை வெளியே கூப்பிடுவார். நான் தேத்தண்ணீரோடு வந்து தலையாட்டுவேன்.

கதை முன்பள்ளிக்கும் போனது. பெற்றோர் கூட்டத்தில் எனக்குச் சொல்லாமலே ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருந்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் பேசினார்: "எங்கட மிஸ் கட்டாரில இருந்து வந்த கம்பியூட்டரையே வெண்டவ. பெண் பிள்ளையள் எல்லாரும் மிஸ்ஸப் போல வரோணும்." பிள்ளைகள் கைதட்டின. பின் வரிசையில் இவரும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கைதட்டினார்கள். பொன்னாடையைப் போர்த்தினார்கள். அது என் தோளில் நிற்காமல் வழுக்கியது. போர்த்திய அம்மா சிரித்துக்கொண்டே அதை என்னை இரண்டு சுற்றுச் சுற்றி விட்டார்.

அன்று பின்னேரம் கராஜில் வேறு யாரும் இல்லை. இவர் எதையோ மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி கால எடுத்தான்" என்றேன். "அண்டைக்கு. அவன்ட சென்சர் பிழைக்கல்ல."

அவர் கழுவிக்கொண்டேயிருந்தார். "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அவன் எடுத்த உடனே. கேட்டது."

எனக்குக் கேட்கப் பழக்கியவரே அவர்தான். அவருக்குக் கேட்டிருக்காது என்று இத்தனை மாதம் நான் நினைத்திருந்தேனே, அதை நினைக்கத்தான் வெட்கமாக இருந்தது.

"மறுகா ஏன் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்க?"

தூரிகையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "நீ சிரிச்சிக்கிட்டு இறங்கினாய். அண்டைக்குக் காலமைதான் அவ்வளவு சனத்துக்கு முன்னால உன்னப் பிடிச்சி இழுத்தன். சரி, சிரிக்கட்டும் எண்டு சொல்லத் தொடங்கினன்." கை துடைத்த துணியை ஓரமாக வைத்தார். "சொல்லச் சொல்ல எனக்கே உண்மை மாதிரி வந்திற்று. பொய்தான். அவன்ட சாமான்தான் நல்லது. அதுவும் எனக்குத் தெரியும்."

அவர் கழுத்துவரை சிவந்திருந்தார். கறுத்த மனிதர், அவர் சிவந்தால் எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அந்தத் தலைக்கவசத்துக்காக. கேட்கவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டை எடுத்து வெளியில் ஊற்றினேன்.

அதன் பிறகு அந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டு வந்தவர்களுக்கும் "அது அப்ப" என்று விட்டுவிடுவார். சில கிழமை கழித்து, என் முகத்தைப் பாராமல், "தம்பிய வரச்சொல்லு. சும்மா ஒருக்கா இந்தக் காரையும் பாக்கட்டும்" என்றார். தம்பி வந்தான். கட்டாரிலிருந்து கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்த இன்னொரு ஈஎஃப்ஐ செட்டையும் கொண்டுவந்தான், கேட்பார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இருவரும் நாட்கணக்கில் மாமரத்துக்குக் கீழே வேலை செய்தார்கள். லெப்டொப்பைக் கொளுவித் தம்பி சாவியைத் திருகியதும் எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. ஆக்சிலேட்டரைத் திடீரென்று அமத்தினான், விக்கவில்லை. இவர் வழக்கம்போல ஸ்குரூ டிரைவரோடு குனிந்து காது கொடுத்தார். திருக ஒன்றும் இல்லை. "நல்லா இருக்கு" என்றார். "நல்லா இருக்கு மச்சான்."

அடுத்த போட்டிக்கும் நான்தான் ஓடினேன். பின் இருக்கையைத் திரும்பப் பூட்டியிருந்தோம், நிறை சரியாக இருந்தது. மைக்கில் வேறொருவர். முதல் சுற்றிலேயே எனக்கும் தம்பிக்கும் சோடி விழுந்தது. விளக்கடிக்குப் போகுமுன் அவனிடம் சொன்னேன்: "கால எடுத்தியெண்டா உன்னோட கதைக்க மாட்டன்."

"எடுக்க மாட்டன் அக்கா."

எடுக்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு கார், ஒரே மாதிரிக் குரல். அவன் கியர் மாற்றுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒரு முழுக் கார் அளவு முன்னால் போய் வென்றான். திரும்பி வந்து இறங்கியதும் முதல் வேலையாக என் கதவடிக்கு ஓடி வந்தான்.

"கோவமா அக்கா?"

"இல்லடா. நல்லா ஓடினாய்."

இவர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, யாரைத் தட்டிக்கொடுப்பது என்று தெரியாமல் காரைத் தட்டினார்.

அவனிடம் சொன்னது உண்மைதான், கோபமில்லை. ஆனால் மூன்றாம் கியர் மாற்றியபோது நான் என் எஞ்சினைக் கேட்கவில்லை. பக்கத்தில் அவனுடையதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், எப்போது இறங்கும் என்று.